அப்பா என்று பெயர் வைத்த படம்

எனக்கு இருந்த பயமெல்லாம் எழுத்துகளைப் பற்றித்தான். முகத்தைப் பற்றி நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

கெலுகோரில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அழைப்பிதழ், சுவரொட்டி, விழா பேனர் என்று எதையாவது வடிவமைத்துக்கொண்டே இருப்பது என் வேலையில் பாதி. என் மடிக்கணினி ஒரு ரகம்; ஊரில் உள்ள பேனர் கடைகளில் இருப்பது வேறு ரகம். ஆங்கிலத்திலும் மலாயிலும் செய்கிறவரை இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. தமிழில் செய்தால்தான் தெரியும். ஒருமுறை பொங்கல் விழாவுக்குக் கொடுத்த பேனரில் 'பொ' உடைந்துபோய், கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாக, நடுவே ஒரு புள்ளி வட்டத்தோடு வந்து நின்றது. மாணவர்கள் அதற்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்குக் காது சூடானது இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு பேனர் செய்ய உட்கார்ந்தபோது ஒவ்வொரு புள்ளியையும் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

அப்பா துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு என்னோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். தனக்காகக் கூட்டம் கூடுவது அவருக்குப் பிடிக்காது. "எதுக்கும்மா மண்டபம் கிண்டபம்லாம்? வீட்டுல பாயாசம் வச்சா போதாதா?" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நிபோங் திபாலில் இருக்கும் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, தொலைபேசியில் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தார். "அண்ணே, எண்பது எல்லாருக்குமா கெடைக்குது? நீங்க வந்து உக்காந்தா போதும் லா. மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்று அவர் போட்ட சத்தம் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

பேனருக்காகப் புதிதாக ஒரு படம் எடுத்தேன். பால்கனியில் நின்றுகொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, அவர் திரும்பியதும் சட்டென்று எடுத்தது. பல் செட் போடாமல் இருந்ததால் உதட்டை மூடிக்கொண்டே சிரித்தார். அதனாலேயே அந்தப் படம் எனக்குப் பிடித்தது. கணினியில் அதற்கு 'அப்பா' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தேன். வேறென்ன பெயர் வைப்பது?

ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது அந்த பேனர் கடை. தமிழர் கடை. முதலாளியே இயந்திரத்தையும் ஓட்டுகிறார், என்னைவிட இளையவர். திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எப்போதும் சிவந்திருக்கும். பென்டிரைவைச் செருகி என் கோப்பைத் திறந்தார். அப்பாவின் படம் அழகாக வந்தது. எழுத்துகள் இருந்த இடத்தில் வரிசையாகக் கட்டங்கள்.

"அக்கா, உங்க எழுத்து இங்க ஏறல. ஃபாண்ட் இல்ல லா."

"அதையும் கொண்டு வந்திருக்கேன் தம்பி. போட்டுப் பாருங்க."

போட்டார். கட்டங்கள் மறைந்து எழுத்துகள் வந்தன. ஆனால் 'எங்கள் அன்புத் தந்தைக்கு' என்பதில் 'தை'யின் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நின்றது. 'அன்போடு' இரண்டு துண்டாகக் கிடந்தது. எனக்குப் பழையபடி காது சூடாகத் தொடங்கியது. தமிழ் எழுத்துகள் இப்படி அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு உடம்புக்கே ஏதோ செய்யும்.

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "இது வேற கம்பியூட்டர்ல செஞ்சதுக்கா, அதான். வீட்டுல எழுத்தெல்லாம் கோடா மாத்தி அனுப்பிடுங்க. எழுத்து எழுத்தா இருந்தா ஆடும். கோடா மாத்திட்டா ஆடாது."

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். எழுத்துகளையெல்லாம் வெறும் வடிவங்களாக மாற்றி, அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாள் அவர் தன் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். எழுத்துப் பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டியிருந்தார். கூடவே குரல் பதிவு: "நல்லா பாருங்கக்கா, புள்ளிலாம் இருக்கா?"

விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. "இருக்கு தம்பி. அடிச்சிடுங்க" என்று பதில் போட்டேன்.

பேனரைச் சுருட்டி, பழுப்புத் தாள் சுற்றிக் கொடுத்தார். அவ்வளவு நீளத்தை விரித்துப் பார்க்கக் கடையில் இடமில்லை. அப்படியே கொண்டுபோய் மேடை அலங்காரம் செய்பவர்களிடம் சேர்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத்தான் எல்லாரையும் அழைத்திருந்தோம். நானும் அப்பாவும் கொஞ்சம் முன்னதாகவே போனோம். அப்பா பட்டு வேட்டி கட்டியிருந்தார். அது நழுவிவிடுமோ என்ற கவலையில் மெதுவாக நடந்தார். நான் கதவைத் திறந்து பிடித்தபடி மேடையைப் பார்த்தேன்.

மண்டபம் மாறி வந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். மேடையில் நான் அறியாத ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். அடர்ந்த மீசை, நெற்றியில் திருநீறு, நீலச் சட்டை. பல் தெரியச் சிரித்த பெரிய முகம். பிறகு கண் கீழே இறங்கியது. அப்பாவின் பெயர். நான் வைத்த அதே நிறம், அதே எழுத்து. எண்பதாவது பிறந்தநாள், நூறாண்டு வாழ்க. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

பலூன் வளைவுக்குள் அந்த முகம் அவ்வளவு பெரிதாக இருந்தது. அலங்காரம் செய்தவர்கள் பூச்சாடிகளை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் என் அப்பாவைப் பார்த்ததே இல்லை.

திரும்பினேன். அப்பாவும் பார்த்துவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பேனரைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"கடையில மாத்திட்டாங்கப்பா" என்றேன்.

அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து அத்தை லட்டு டப்பாவோடு உள்ளே வந்தார். இரண்டடி வைத்தவர் நின்றார். டப்பா கையை விட்டு நழுவித் தரையில் விழுந்து மூடி தெறித்தது.

"ஐயோ! இவரு... இவரு இங்க எப்படி? இவரு போயிட்டாரே!"

"யாரு அத்தை?"

"எங்க ஊருப் பக்கம் பைராம் தோட்டத்துல செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுனவரு. நானே சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். பதினாறு முடிஞ்சு போச்சு. இதே படம், இதே படத்தத்தான் முச்சந்தியில பேனரா கட்டியிருந்தாங்க!"

இறந்துபோன ஒருவரின் முகத்தை வைத்து அதற்குக் கீழே என் அப்பாவின் பெயரைப் போட்டு, நூறாண்டு வாழ்க என்று வாழ்த்தியிருக்கிறேன். அதையும் மேடையில் ஏற்றியிருக்கிறேன். அதற்குள் இன்னும் சில உறவினர்கள் வந்துவிட்டார்கள். ஒருவரும் உரக்கப் பேசவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. யாரோ ஒரு பெண் "சிவ சிவா" என்று சொன்னது மட்டும் கேட்டது.

"எறக்குங்க, ஒடனே எறக்குங்க!" என்று நான் கத்தினேன். அலங்காரக்காரர்கள் ஏணியைக் கொண்டுவந்து ஒரு முனையை வேகமாக இழுத்தார்கள். அத்தை அதைவிட உரக்கக் கத்தினார்: "கிழிச்சிடாதீங்க! மனுஷன் மொகம்யா அது!" அவர்கள் பயந்துபோய் மெதுவாக அவிழ்த்துச் சுருட்டினார்கள்.

பார்த்தால் அப்பாவைக் காணோம்.

வெளியே ஓடினேன். காருக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்துவிட்டதும் உள்ளே ஏறி உட்கார்ந்தார். நானும் ஏறிக் குளிர்சாதனத்தைப் போட்டேன். அவர் வலது கை நெஞ்சின்மேல் இருந்தது.

"வலிக்குதாப்பா?"

"இல்ல."

"தண்ணி வேணுமா?"

"வேணாம்." பிறகு முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "என் பேரு போட்டிருந்துச்சு. பிறந்தநாளு என்னுது. நீ செஞ்சது தப்பா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். அதனால ஒரு நிமிஷம் அது நாந்தான்னு நெனச்சுட்டேம்மா. என் மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சேன்."

அவருடைய பழைய அலுவலக நண்பர் ஒருவர் மனைவியையே அடையாளம் தெரியாமல் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போய்விட்டு வரும்போதெல்லாம் அப்பா வீட்டில் சாவி எங்கே, கண்ணாடி எங்கே என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்வார். அந்தப் பயத்தில் கொண்டுபோய் நான் கையை வைத்துவிட்டேன். பேனரைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"கடைக்காரன் தப்புப்பா. கம்பியூட்டர் தப்பு. உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"எனக்கு அத காட்டு. எப்படி ஆச்சுன்னு எனக்குக் காட்டணும் நீ."

பிறகு உள்ளே வந்தார். மேடையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார். விருந்தினர்களோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கேக் வெட்டவில்லை, யாரும் மேடையேறி வாழ்த்திப் பேசவும் இல்லை. பின்னால் பேனர் இல்லாத பலூன் வளைவு மட்டும் நின்றது. யாருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு கடைக்குப் போனேன். சத்தம் போட வேண்டும் என்றுதான் போனேன். கடைக்காரர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. நான் கைப்பேசியில் சொன்னதிலிருந்து தூங்கியிருக்க மாட்டார் போல.

"அக்கா, நான் சும்மா கூட எதையும் மாத்தல. சாமி சத்தியமா. நீங்க அனுப்புன ஃபைல அப்படியே தொறந்தேன், அடிச்சேன். பாருங்க."

அவர் தன் கணினியில் திறந்தார். நீலச் சட்டைக்காரர் சிரித்தார். நான் பக்கத்தில் என் மடிக்கணினியை வைத்து அதே கோப்பைத் திறந்தேன். அப்பா உதட்டை மூடிச் சிரித்தார். இரண்டு திரையும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே கோப்பு, இரண்டு முகம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்பா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

காரணம் தெரிய வெகுநேரம் ஆகவில்லை. கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது. நான் அனுப்பிய கோப்புக்குள் அப்பாவின் படம் இல்லவே இல்லை. 'அப்பா என்ற படத்தை எடுத்து இங்கே வை' என்ற குறிப்பு மட்டும்தான் இருந்தது. முதல் நாள் பென்டிரைவில் கோப்பும் படமும் சேர்ந்தே இருந்ததால் சரியாக வந்தது. மின்னஞ்சலில் கோப்பு மட்டும் போனது. கடைக்காரர் அதை இறக்கி, எல்லா வேலைகளையும் போட்டு வைக்கும் ஒரே கோப்புறையில் போட்டார். அங்கே ஏற்கெனவே 'அப்பா' என்று ஒரு படம் கிடந்தது. பைராம் தோட்டத்திலிருந்து ஒரு மகள் தன் அப்பாவின் கண்ணீர் அஞ்சலிக்காக அனுப்பிய படம். அவளுக்கும் வேறு பெயர் தோன்றவில்லை. கணினி எந்த எச்சரிக்கையும் காட்டாமல் அதை எடுத்து என் பேனரில் வைத்துவிட்டது.

"மொகத்த நான் பாக்கவே இல்லக்கா" என்றார் கடைக்காரர். "நீங்க எழுத்து எழுத்துன்னு சொன்னீங்களா, நான் எழுத்த மட்டுந்தான் பாத்தேன். ஒரு நாளைக்கு எத்தன மொகம் அடிக்கிறேன் நான்."

அப்பாவுக்கு எளிமையாகத் திரும்பச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப இந்த கம்பியூட்டர் டப்பா ஆளப் பாக்கல. அப்பான்னு கூப்பிட்டுச்சு, அங்க எந்த அப்பா இருந்தாரோ அவரு வந்துட்டாரு."

"ஆமாப்பா."

அவர் மூச்சை விட்டார். நேற்றிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அது. பிறகு கேட்டார்: "அந்த பேனர என்ன செஞ்ச?"

அது என் காரின் பின்பக்கத்தில் கிடந்தது. எங்கேயாவது குப்பையில் போட்டுவிடலாம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் குப்பைத் தொட்டியின் அருகில் போனாலும் கை வரவில்லை. அப்பா உடனே சொன்னார்: "அத நாம வச்சிக்கக் கூடாது. போடவும் கூடாது. அவங்க வீட்டுல கொண்டுபோய்க் கொடுப்போம்."

எனக்கு அந்த யோசனை பயங்கரமாக இருந்தது. துக்கம் ஆறாத வீட்டில் பிறந்தநாள் பேனரைக் கொண்டுபோய் விரிப்பதா? அத்தையும் முதலில் வேண்டாம் என்றார். அப்பா பிடிவாதமாக இருந்தார். கடைசியில் அத்தையே அந்த வீட்டுக்குப் பேசி, படம் மாறிப்போனதை மட்டும் சொல்லி, ஒரு சனிக்கிழமை காலையில் எங்களைக் கூட்டிப்போனார்.

தோட்டத்துக்குள் நுழையும் முச்சந்தியில் அஞ்சலி பேனர் கட்டிய கயிறு மட்டும் விளக்குக் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டின் முன்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மகள் வாசலுக்கு வந்தார். தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார், வேலைக்குப் போகும் நேரம். முகம் இறுகியிருந்தது.

"நீங்கதானா அது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "எங்கப்பா போட்டோவ பிறந்தநாளுக்கு வச்சது?"

"வேணும்னு செய்யலம்மா. நானும் படத்துக்கு அப்பான்னுதான் பேரு வச்சேன். நீங்களும் அதே பேரு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கடையில் யாரோ விளையாட்டாகச் செய்துவிட்டார்கள் என்றுதான் அதுவரை கோபத்தில் இருந்திருக்கிறார்.

உள்ளே அவர் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். பொட்டு இல்லாத நெற்றி. நான் பேனரை விரிக்கத் தயங்கினேன். "விரிங்க" என்றார் அவர். நானும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். சின்னக் கூடத்தில் சுவரிலிருந்து சுவர் வரை அந்த முகம் விரிந்தது.

அம்மாள் அசையவில்லை. அழவும் இல்லை. கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன எழுதியிருக்கு? படி" என்றார் மகளிடம்.

மகள் மேலிருந்து எட்டிப் பார்த்து, தலைகீழாகத் தெரிந்ததைத் தலையைச் சாய்த்துப் படித்தார். "எண்பதாவது பிறந்தநாள்." நிறுத்தினார். "நூறாண்டு வாழ்க."

"எண்பதா? அறுபத்தி சொச்சத்துலயே போயிட்டாரே" என்றார் அம்மாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா யாரு?"

"எனக்குன்னு அடிச்ச பேனரு இது, தங்கச்சி. அதுல ஒங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு."

அவர் அப்பாவை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அவர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கண்ணே. எண்பது வயசுல நின்னுக்கிட்டு."

கத்தரிக்கோலைக் கேட்டதும் அவர்தான். அஞ்சலி பேனரில் மறைவு என்று தேதி போட்டிருந்ததால் வீட்டில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி எடுத்துவிட்டார்களாம். "இதுல அது இல்ல. மொகத்த மட்டும் எனக்கு வெட்டிக் கொடுங்க" என்றார். அப்பா நாற்காலியிலிருந்து குனிந்து ஒரு பக்கத்தை இழுத்துப் பிடிக்க, மகள் வெட்டினார். எழுத்துகள் எங்களுக்கு, முகம் அவர்களுக்கு. பேனர் துணியில் கத்தரிக்கோல் போகும் சத்தம் மட்டும்தான்.

வரும் வழியெல்லாம் அப்பாவின் பெயர் எழுதிய நீண்ட துண்டு பின் இருக்கையில் கிடந்தது. நான் கண்ணாடியில் அதைப் பார்க்காமல் ஓட்ட முயன்றேன்.

ஒரு வாரம் கழித்து அந்த மகளிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. எழுத்துகள் தெளிவாக இருந்தும் இரண்டு முறை படித்தேன். அவர் அம்மா தோட்டத்துக் கோயிலில் அர்ச்சனை செய்யப் போகிறார்களாம். எங்கள் அப்பாவின் ஆயுளுக்காக. நட்சத்திரம் என்ன என்று கேட்டிருந்தார்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார். "எனக்கா?" என்றார். "அந்தம்மாவா?" நான் தலையாட்டினேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆயில்யம்னு எழுதும்மா" என்றார்.